ஜுரு சாயக் கொட்டகையில் மாட்டப்படாத விசிறி

அனுப்புநர்:
திருமதி மோகனா புவனேஸ்வரன்,
டத்தோ கிராமாட், ஜார்ஜ்டவுன், பினாங்கு.

பெறுநர்:
இயக்குநர், வரவு செலவுப் பிரிவு,
இராணுவ வாகனத் தயாரிப்பு வாரியம், கோலாலம்பூர்.

பொருள்: ஜுரு தொழிற்சாலையில் நிதி ஒதுக்கியும் முடிக்கப்படாத புகை வெளியேற்றும் வேலையை அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற முறை மலாயில் எழுதினேன். மனத்தில் உள்ளதெல்லாம் அதில் வரவில்லை. ஆகவே இதைத் தமிழில் எழுதி, மலாய் மொழிபெயர்ப்பை இணைத்திருக்கிறேன்.

1. என் கணவர் புவனேஸ்வரன் உங்கள் ஜுரு தொழிற்சாலையில் இராணுவ லாரிகளுக்குச் சாயம் அடித்தவர். சாயப் புகையை வெளியே இழுக்கக் குழாயும் விசிறியும் அமைக்க 2022-இல் நிதி கிடைத்தது. கூரையைத் துளைத்துக் குழாய் பொருத்தினார்கள். விசிறி வந்து சேரவில்லை.

2. ஆண்டு முடிந்தால் செலவாகாத நிதி திரும்பிப் போய்விடும் என்று நிர்வாகம் பயந்தது. டிசம்பரிலேயே வேலை முடிந்ததாகக் காட்டி, வேலையை எடுத்துச் செய்த குத்தகையாளருக்கு முழுத் தொகையும் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சாயக் கொட்டகையில் புது இயந்திரம் எது வந்தாலும் பூசை போடுவது வழக்கம். விசிறி இல்லாத குழாய்க்கே மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டச் சொன்னார்கள். காட்டியவர் என் கணவர். "விசிறி மோட்டார் பின்னால வரும் லா, சாமி கும்பிட்டாச்சு" என்று வீட்டுக்கு வந்து சொன்னார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

3. குத்தகையாளர் கம்பெனியை மூடிவிட்டார். தொழிற்சாலை மறுபடி நிதி கேட்டபோது, முடிந்த வேலைக்கு ஒதுக்க முடியாது என்று உங்கள் பிரிவு மறுத்தது. எனக்கும் அதே பதில்தான் வந்தது. நீங்கள் சான்றாகக் காட்டுவது அந்தப் பூசையின்போது எடுத்த புகைப்படம். அதில் குழாய் தெரிகிறது, என் கணவர் சிரிப்பதும் தெரிகிறது. குழாய்க்குள் ஒன்றுமில்லை என்பது படத்தில் எப்படித் தெரியும், ஐயா?

4. நுரையீரல் கெட்டு, சென்ற தைப்பூசத்துக்கு முந்தின வாரம் அவர் இறந்துபோனார். கடைசியில் படுத்தால் மூச்சு முட்டும் என்று நாற்காலியிலேயே தூங்கினார். சாயப் புகைதான் காரணம் என்ற மருத்துவர் அறிக்கையை இணைத்திருக்கிறேன். அழுதுகொண்டுதான் இதை எழுதுகிறேன், மன்னிக்கவும்.

5. இழப்பீடு கேட்டு இந்த மனுவை எழுதவில்லை. அவர் நின்ற இடத்தில் இப்போது என் தம்பி ஷர்வின் நிற்கிறான். வேறு வேலைக்கு அலைந்தும் கிடைக்கவில்லை. கொஞ்ச நாளாக அவனும் இருமுகிறான்.

ஆகவே, ஓர் அதிகாரியை அனுப்பி அந்தக் குழாயை நேரில் பார்க்கச் செய்யுங்கள். வேலை முடியவில்லை என்று கோப்பில் திருத்தி, 2026-க்கு நிதி ஒதுக்குங்கள். தம்பிக்குப் பெண் நிச்சயித்திருக்கிறோம். அந்தப் பெண்ணும் ஒருநாள் உங்களுக்கு இப்படி ஒரு மனு எழுதும்படி வைத்துவிடாதீர்கள்.

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்)
மோகனா புவனேஸ்வரன்

இடம்: ஜார்ஜ்டவுன்
நாள்: 14.7.2025