டிராயரில் கிடக்கும் இரண்டாவது உறை

அனுப்புநர்:
க. வஜீதா,
மசூதித் தெரு, ஆம்பூர்.

பெறுநர்:
தேர்வு அலுவலர் அவர்கள்,
பாலாற்றோர மகளிர் கணினிப் பயிற்சி நிலையம், ஆம்பூர்.

பொருள்: பாதி விடையை மட்டும் திருத்தி என்னைத் தோல்வியாக்கியது – மறு மதிப்பீடு கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் தோல் கம்பெனியில் பதினொரு ஆண்டுகளாக ஸ்பிரே மெஷின் முன் நின்று வேலை செய்கிறேன். தங்கள் நிலையத்தில் இணையப் பக்கம் அமைக்கும் பயிற்சி முடித்தேன். சான்றிதழை 18ஆம் தேதிக்குள் கொடுத்தால் கம்பெனியின் கேட்டலாக் பிரிவில், நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை கிடைக்கும்.

2. தலைப்பு எது, பத்தி எது, பட்டியல் எது என்று ஒரு கோப்பில் குறியிட வேண்டும். நிறத்தையும் எழுத்தளவையும் தனிக் கோப்பில் வைக்க வேண்டும் என்று வகுப்பில் சொன்னார்கள். முதலில் தலையாட்டியவள் நான்தான். நாங்களும் சாயமேற்றாத தோலை அடுக்கி வைத்து, ஆர்டர் வந்த பிறகே நிறம் ஏற்றுகிறோம்.

3. கம்பெனியில் தோல் ஒரு கட்டாகவும், எந்த நிறம் என்று காட்டும் ஷேடு கார்டு தனி உறையிலும் போகும். அதே பழக்கத்தில், தேர்வன்று இரண்டு கோப்புகளையும் இரண்டு பென் டிரைவில் போட்டு, உறைகளின் மேல் ‘தோல்’, ‘ஷேடு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரே ஃபோல்டரில் இருந்தால்தான் ஒன்றையொன்று கண்டுகொள்ளும் என்பது பதற்றத்தில் மறந்துபோனது. தவறுதான், ஒப்புக்கொள்கிறேன்.

4. தேர்வாளர் திரு. பரணிதரன் முதல் உறையைத் தடவிப் பார்த்து, உள்ளே தோல் இல்லை என்று உறுதி செய்துகொண்டு திறந்தார். பென் டிரைவைக் கணினியில் செருகியதும் வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்து வந்தது. “இன்னாம்மா இது, ரேஷன் கடை நோட்டீஸ் மாதிரி இருக்குது? கலர் எங்க?” என்றார். இரண்டாவது உறையைக் காட்டினேன். “ஒரு ஆளுக்கு ஒரு உறைதான்” என்று அதை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டார். முதல் உறையை மட்டும் பார்த்துத் தோல்வி என்று எழுதினார்.

5. பக்கத்து இருக்கைப் பெண் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகச் சிவப்புப் பூசியிருந்தார். அவருக்குத் தொண்ணூற்றிரண்டு. பொறாமை இல்லை. ஆனால் தேர்வாளர் ‘நீலமாக மாற்று’ என்றதும் நாற்பத்தொரு வரியையும் ஒவ்வொன்றாக மாற்றி, பாவம், மதியச் சாப்பாட்டையே விட்டுவிட்டார். என் ‘ஷேடு’ கோப்பில் ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும்.

6. அடுத்த மாதம் மறு தேர்வுக்கு வரச் சொல்கிறார்கள். வருவதில் தடையில்லை, ஆனால் அதற்குள் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துவிடுவார், நான் நின்றுகொண்டே இருப்பேன்.

ஆகவே ஐயா அவர்கள் டிராயரைத் திறக்கச் சொல்லி, இரண்டு கோப்புகளையும் ஒரே ஃபோல்டரில் வைத்துப் பார்க்க உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். பார்த்த பிறகும் தோல்வி என்றால் வாய் திறக்க மாட்டேன். பார்க்காமல் மட்டும் போடாதீர்கள்.

இடம்: ஆம்பூர்
நாள்: 14.02.2025

இப்படிக்கு,
க. வஜீதா