நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு

இயேசு மரி சூசை துணை

திண்டுக்கல்,
2-2-1961, வியாழன்.

நாகபுரியில் வாத்தியாராக இருக்கும் தம்பி அருளப்பனுக்கு, அண்ணன் சவரிமுத்து சொல்ல எழுதிய கடிதம். நானும் உன் மதினி செபாஸ்தியம்மாளும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதச் சொன்னால் என் இருமலே சிரிக்கும். இருபத்தைந்து வருஷம் புகையிலை மூட்டை தூக்கிய நெஞ்சு. இனிமேல் வரவேண்டாம் என்று கிடங்கில் சொல்லிவிட்டார்கள்.

நல்ல சேதி, நம் அன்னாளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வத்தலக்குண்டு பொன்னுத்துரை, சொந்தமாகச் சுருட்டுக் கிடங்கு வைத்திருக்கிறார். மூத்த தாரம் தவறி இரண்டு வருஷம் ஆகிறது. சீர் செனத்தி எதுவும் வேண்டாம், என்னையும் தன் கிடங்கில் மேஸ்திரியாக வைத்துக்கொள்கிறேன் என்கிறார். வருகிற புதன்கிழமை காலை ஏழு மணிப் பூசையில் தாலி. அதை விட்டால் தவக்காலம் வந்துவிடும். கோயிலில் இரண்டு கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது, மூன்றாவது இந்த ஞாயிறு.

இனி உன் சங்கதிக்கு வருகிறேன். மாதம் ஒரு கடிதம் போட்டு என் பிள்ளையைக் கெடுத்தவன் நீ. முப்பத்தேழை மூன்றால் பெருக்கினால் நூற்றுப் பதினொன்று, ஆறால் பெருக்கினால் இருநூற்று இருபத்திரண்டு, இப்படியே போகும் என்று எழுதுவாய். ஒன்பதாம் வாய்ப்பாட்டில் வரும் விடையின் இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பதுதான் வரும் என்பாய். அவளும் தெருப்பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு இதையே ஓதினாள். பதினெட்டு வயதுப் பெண் செய்கிற வேலையா? டீச்சர் டிரெயினிங் பாரம் வேறு அனுப்பி வைத்தாய். அது அரிசிப்பானைக்கு மூடியாக இருக்கிறது.

நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அக்காள், பொண்ணு கணக்குல புலியாமே, செத்த நேரம் வேடிக்கை காட்டட்டும் என்றாள். நானும் பெருமையாக, காட்டு ஆத்தா என்றேன். அங்கேதான் நான் மடையன். அன்னாள் மாப்பிள்ளை கையில் பென்சிலும் தாளும் கொடுத்தாள். வயதை எழுதி இரண்டால் பெருக்கச் சொன்னாள். ஐந்தைக் கூட்டி, ஐம்பதால் பெருக்கி, சட்டைப்பையில் உள்ள சில்லறையைக் கூட்டி, முந்நூற்று அறுபத்தைந்தைக் கழித்து, நூற்றுப் பதினைந்தைச் சேர்க்கச் சொன்னாள். தாளை யாருக்கும் காட்ட வேண்டாம், கடைசி விடையை மட்டும் சொன்னால் போதும் என்றாள். அவரும் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு என்றார். இவள் உடனே, பையில பன்னெண்டு நயா பைசா, வயசு நாப்பத்தொண்ணு என்றாள்.

இருபத்தொன்பது என்று அல்லவா அவர்கள் சொல்லியிருந்தார்கள்! பந்தியில் வாய்க்குப் போன சோறு பாதியில் நின்றது. வாயால் அத்தனை பேரிடம் பொய் சொன்ன மனுஷனுக்கு, கணக்கில் ஒரு பொய் சொல்லத் தெரியவில்லை.

எனக்குத் தெரியாதா என்று நீ கேட்பாய். ஞானஸ்நானச் சீட்டைப் பார்த்துச் சாமியார் முன்னமே சொல்லிவிட்டார். என்னைவிட ஒரு வயது இளையவர். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்பார்கள். நாங்கள் சொன்னது ஒரே பொய். அதையும் இவள் சபையில் உடைத்தாள்.

அவர் கோபித்துக்கொண்டு போகவில்லை. பெரிய மனுஷன். கல்யாணத்துக்குப் பிறகு பென்சில் தொடக் கூடாது என்று மட்டும் சொன்னார். நான் சம்மதித்தேன். உன் கடிதங்களையெல்லாம் உன் மதினி அடுப்பில் வைத்தாள். அன்றைக்குச் சோறு நன்றாகவே வெந்தது. அன்னாளைத் தோல் வாரால் அடித்தேன். இடது கையில்தான் அடித்தேன். எனக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும், இந்தக் கடிதத்தை எழுத அவளுடைய வலது கை வேண்டுமே. இதோ, தலை குனிந்து எழுதிக்கொண்டுதான் இருக்கிறாள். சாமியார் கேட்டபோது சம்மதம் என்றும் சொல்லிவிட்டாள்.

தூரத்தில் இருப்பவன், லீவு கிடைக்காது, வராவிட்டாலும் வருத்தமில்லை. இருக்கிற இடத்திலிருந்தே ஆசீர்வாதம் செய். பிள்ளை நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
சவரிமுத்து

சித்தப்பாவுக்கு ஸ்தோத்திரம். இதுவரை அப்பா சொன்னது, ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. இருமல் வந்து வெளியே போயிருக்கிறார். மிச்ச இடத்தில் ஒரு கணக்கு எழுதுகிறேன்.

இன்று தபாலில் போடும் கடிதம் நாகபுரிக்கு நாலு நாளில் வரும். அப்படியானால் திங்கட்கிழமை. அன்று இரவே நீங்கள் ரயில் ஏறினால், திண்டுக்கல் வந்து சேர இரண்டு நாள். புதன் இரவு. பூசை புதன் காலை ஏழு மணிக்கு. தந்தி வந்தால் இந்த வீட்டில் அதைப் படித்துச் சொல்லப் போவதும் நான்தான், அப்பா நம்ப மாட்டார். நீங்களே வந்து நின்றால்தான் உண்டு.

மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டேன், விடை மாறவில்லை. எனக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவர் நீங்கள்தானே. நான் எங்கேயாவது தப்புச் செய்திருப்பேன். தயவுசெய்து கண்டுபிடியுங்கள் சித்தப்பா.

அன்னாள்