காவ்யாவின் விளக்கு

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து காற்று. மாடியில் காயப்போட்ட துணி பக்கத்து வீட்டுக் கம்பியில். இரண்டு முறை கரண்ட் போனது.

வேலை: என் பெட்டிக்குப் புது ஸ்பீக்கர். மகள் யாழினிக்குக் கணக்கு நோட்டு. தோசை மாவு.

மூன்று நாளாகக் காவ்யாவின் விளக்கு எங்கள் வீட்டில். சோதனைக்கு. ஆபீசில் முதலாளி சாரோடு நாங்கள் நாலு பேர். பனியன் கம்பெனி வேலை முடிந்து வருகிறவர்களுக்குச் சாயங்காலத்தை அமைதியாக்க ஒரு சாதனம் செய்கிறோம். நான் செய்தது பெட்டி. திரை உண்டு, குரல் உண்டு, ஓய்வெடுக்கச் சொல்லி நினைவூட்டும். காவ்யா (கா.) வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான். அவள் செய்தது பின்னல் துணி போர்த்திய விளக்கு. பேசாது. ஏழு மணிக்கு மேல் அறை வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும். பக்கத்தில் ஒரு துணிப்பை. போனை அதில் போட்டால் நாம் குறித்து வைத்த இரண்டு பேர் கூப்பிட்டால் மட்டும் மணி அடிக்கும். இரண்டில் ஒன்றுதான் கண்காட்சிக்குப் போகும்.

என் கணவர் செந்தில், ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். சாப்பிடும்போதும் காதில் போன். இன்று அதைப் பையில் போட்டுவிட்டு யாழினியோடு தரையில் உட்கார்ந்து கடலை உரித்தார். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் முதல் தடவை.

"அந்தப் புள்ள நல்லா யோசிச்சிருக்குது."

"என்னோட பெட்டி?"

"அது உன்னாட்டவே. கேள்வி கேட்டுட்டே இருக்குது." சிரித்தார்.

கடலைத் தோலைப் பெருக்கியது நான்.

ஜூன் 11, புதன்

சாரல். வண்டியில் போய் நனைந்தேன்.

வேலம்பாளையத்தில் ரத்னா அக்கா வீடு. பனியன் கம்பெனியில் தைத்ததில் பழுது பார்க்கும் செக்கிங் வேலை. லைன் வீடு, ஒரே அறை, சமையலும் அதில்தான். அங்கும் கா.வின் விளக்குதான் ஓடுகிறது. அடுத்த வாரம் என் பெட்டி. இந்த வாரம் எப்படி என்று கேட்டு எழுதி வர என்னை அனுப்பினார் சார்.

"நல்லா இருக்குதுங்க மேடம். வெளிச்சம் மெல்ல அடங்குது, நானும் கூடவே அடங்கிக்கறேன்." பிறகு வாசலைப் பார்த்தார். "ஏனுங்க, அந்தக் கண்ணு வரலீங்களா?"

நான் மேடம். அவள் கண்ணு. கா. வந்தால் கூட உட்கார்ந்து கீரை ஆய்ந்து தருவாளாம். நான் ஆறு தடவை வந்திருக்கிறேன். ஒரு தடவையும் செருப்பை நிதானமாகக் கழற்றியதில்லை.

அக்கா தண்ணீர் பிடிக்க வெளியே போனார். ஆபீசில் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு; என் போனில் விளக்கின் செட்டிங் திறந்தே இருந்தது. வெளிச்சம் அடங்க நாற்பது நிமிடம். நாலு என்று மாற்றினேன். யார் மாற்றியது என்று அதில் பதிவாகாது.

ஒரு பூஜ்யம். அவ்வளவுதான் அழித்தேன்.

வரும் வழியில் பஜ்ஜி வாங்கித் தின்றேன். நன்றாக இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

பத்து மணிக்குக் கா.வுக்குப் போன். ரத்னா அக்கா. ஒரே திட்டு. நேற்று ஏழு மணிக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தாராம். திடீரென்று அறை மங்கிவிட்டது. கை தடுமாறிக் கஞ்சி காலில் கொட்டிவிட்டது. கொப்புளம். இன்று வேலைக்குப் போகவில்லை.

கா. அழுதுகொண்டே புரோகிராமை வரி வரியாகப் பார்த்தாள். மதியம் சாப்பிடவில்லை. "ஒருத்தர் ஊட்டுக்குள்ள வெக்கற பொருளுங்க இது," என்றார் சார், சத்தம் போடாமல்.

நான் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

"நீங்க ஒருத்தர்தானுங்கக்கா என்னைத் திட்டாம இருக்கறீங்க."

அந்த டீயை அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நிற்க முடியவில்லை. பாத்ரூம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

ஜூன் 13, வெள்ளி

மழை இல்லை. இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

மாடிப்படியில் கா.வை நிறுத்திச் சொல்லிவிட்டேன். ஒரே மூச்சில். கத்துவாள் என்று நினைத்தேன்.

"எத்தனை நிமிசம் வெச்சீங்க?"

"நாலு."

"நாப்பது எதுக்குன்னு தெரியுங்களாக்கா? சோறு வடிச்சு, குளிச்சு, பாப்பாவுக்குத் தலை சீவி முடிக்க ரத்னாக்காவுக்கு நாப்பது நிமிசம் ஆகும். கூட உக்காந்து பார்த்து வெச்சேன்."

எனக்குத் தெரியாது. நான் கேட்கவே இல்லை. அந்த நேரத்திலும் மனசுக்குள் ஓடியது: இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? மன்னிப்புக் கேட்கும்போதே அவள்மேல் எரிச்சல்.

"சார்கிட்டச் சொல்லுங்க. ரத்னாக்காகிட்டயும் நீங்களே சொல்லோணும்," என்று இறங்கிப் போனாள்.

சாரிடம் சொன்னேன். திங்களன்று பேசலாம் என்றார்.

ஜூன் 14, சனி

ரத்னா அக்கா காலில் மருந்து, கட்டிலில். சொன்னேன்.

"தெரிஞ்சுதான் பண்ணுனீங்களா?"

"ஆமாங்க்கா."

"அய்யோ, அந்தக் கண்ணை நான் வஞ்சுபோட்டனே." உடனே போனை எடுத்துக் கா.வைக் கூப்பிட்டார். மன்னிச்சுக்க சாமி என்றார். அவள் ஏதோ சொல்ல, இவர் சிரித்தார். நான் அங்கேயே நின்றேன். அந்தச் சிரிப்புக்கும் பொறாமைப்பட்டேன். அதுவும் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே.

பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்க பொட்டி எங்களுக்கு வேண்டாமுங்க. தப்பா நினைச்சுக்காதீங்க." அப்போதும் மரியாதை குறையவில்லை.

செந்திலிடமும் சொன்னேன். திட்டவில்லை. "அந்தக்கா கால் எப்படி இருக்குது?" என்று மட்டும் கேட்டார்.

ஜூன் 16, திங்கள்

வெயில். ஆபீஸ்.

என் பெட்டி கண்காட்சிக்குப் போகாது. நான் வேலையில் இருக்கலாம். கா. எனக்காகச் சாரிடம் பேசினாளாம். ஆனால் இனி யார் வீட்டுக்கும் தனியாகப் போகக் கூடாது. சரி என்றேன்.

விளக்கின் பொதுப் பாஸ்வேர்டு இனி கா.விடம் மட்டும். என் முன்னாலேயே புதிதாக மாற்றினாள். தட்டுவதற்கு முன் திரையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.