சிவப்பு மாத்திரை

12-7-1979, வியாழன்.

செல்வி தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

மத்தியானம் என் சத்து மாத்திரை டப்பாவும் கையுமாக, வாயெல்லாம் சிவப்பாக உட்கார்ந்திருந்தாள். "ஒங்கம்மை மிட்டாய் திங்கா" என்று அவள் அப்பா என்றைக்கோ விளையாட்டாகச் சொன்னதை நம்பியிருக்கிறாள். வயிற்றுப் பிள்ளையோடு அவளையும் டப்பாவையும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே டப்பாவைக் கொட்டி எண்ணினால் மாத்திரை எல்லாம் அப்படியே இருந்தது, மேல் சிவப்பு மட்டும் இல்லை.

"இனிப்பை நக்கிட்டுத் துப்பியிருக்கா. முழுங்கியிருந்தா உசுருக்கே ஆபத்து. இந்த இரும்புச்சத்து சின்னப் பிள்ளைக்கு விஷம்" என்றார் டாக்டரம்மா.

திரும்பி வரும்போது, "ஏட்டி, ஏன் துப்புன?" என்று கேட்டேன்.

"இனிப்பு எனக்கு. மிச்சம் ஒனக்கும் வயித்துல இருக்க தம்பிக்கும்."

இனி இந்த வீட்டில் மருந்தை மருந்து என்றே சொல்ல வேண்டும் என்று அவுகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். புது மாத்திரையை அலமாரியில் வைத்துப் பூட்டியாயிற்று. அவள் எனக்கென்று மிச்சம் வைத்ததைப் பின்பக்கம் குழி தோண்டிப் புதைத்தேன். அப்போதுதான் அழுகை வந்தது.