முன்னூறு மணி நேரம்

கரமனை,
திருவனந்தபுரம்.
12-03-2024, செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய நெல்லையப்பன் அண்ணாச்சிக்கு,

கரமனையிலிருந்து ஹரிகுமாரின் மனைவி கிருஷ்ணவேணி வணக்கத்துடன் எழுதுவது. கோயம்புத்தூரில் நீங்களும் மதினியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை.

நாம் நேரில் பார்த்ததில்லை. ஆனால் ஒன்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் உங்கள் குரல் எங்கள் வீட்டுக்குள் வந்துபோகிறது. இவர் போனை ஸ்பீக்கரில் போட்டு உங்களோடு ஹெட்போன், ஆம்ப், வயர் என்று ஆரம்பித்தால் தட்டில் இருக்கிற தோசை விறைத்துப்போகும். மனசுக்குள் உங்களைப் பலமுறை திட்டியிருக்கிறேன், மன்னிக்க வேண்டும். நேற்று சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து மூன்று தடவை அழைப்பு வந்ததே, நீங்கள் யாரு யாரு என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்களே, அது நான்தான். பக்கத்துத் தெரு டிவி மெக்கானிக் ரதீஷின் போன் அது. உங்கள் குரலைக் கேட்டதும் மூன்று தடவையும் போனை வைத்துவிட்டேன். அதனால்தான் கடிதம்.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆம்ப்ளிஃபயருக்காக நீங்கள் கொடுத்த பத்தொன்பதாயிரம் ரூபாயைப் போன மாதம் இவர் திருப்பி அனுப்பினார் இல்லையா? விற்றவன் பணத்தை வாபஸ் தந்துவிட்டான் என்று உங்கள் ஹெட்போன் குழுவில் எழுதினார் இல்லையா? விற்றவன் ஒரு பைசா தரவில்லை. உங்கள் கைக்கு வந்தது இவர் கடன் வாங்கிய பணம். ஏழு பேருக்கும் அப்படித்தான் அனுப்பினார், கேட்காதவர்களுக்கும் சேர்த்து.

நடந்தது இதுதான். உங்கள் ஏழு பேருக்கும் தனக்குமாக எட்டு ஆம்ப். பாதிப் பணம் நீங்கள் கொடுத்தீர்கள். மீதிப் பாதியை, இப்போது வாங்கிப் பிறகு கட்டலாம் என்கிற ஆன்லைன் கம்பெனியில் தன் பெயரிலும் என் பெயரிலுமாக இவர் போட்டார். பொருள் சரியில்லை என்றால் கையில் கிடைத்த பத்து நாளுக்குள் புகார் சொல்லலாம், முழுப் பணமும் திரும்பி வரும் என்று அதில் இருந்தது. அதை எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். எவ்வளவு பத்திரம் பார்த்தியா என்று பெருமை வேறு.

தைப்பூசத்துக்கு மூன்று நாள் முன்னால் எட்டுப் பெட்டியும் வந்தது. உங்கள் கூட்டத்தின் சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. புதுச் சாமானை முன்னூறு மணி நேரம் ஓட்டிப் பழக்காமல் நல்லது கெட்டது என்று ஒரு வார்த்தை பேசக் கூடாது. எங்கள் சாப்பாட்டு மேஜையில் எட்டையும் வரிசையாக வைத்து, வயர் மாட்டி, இரவும் பகலும் ஓடவிட்டார். நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இதன் சூட்டுக்கு மேலே வடகம் காயப்போடலாம் என்று நான் கேலிகூடப் பண்ணினேன்.

இரண்டாம் நாளே எங்கள் நீது ஹெட்போனை மாட்டிப் பார்த்துவிட்டு, அப்பா, இடது காதுல ஒரு இரைச்சல் கேக்கு என்றாள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கேட்கிறது, இவருக்குக் கேட்காதா? கேட்டது. எனக்குத் தெரியும், அவர் முகம் அன்றைக்கே மாறியது. புகார் சொல்லிவிடலாமே என்று நான் சொன்னதற்கு, சும்மா இரி வேணி, முன்னூறு மணிக்கூர் ஆவட்டும், அதுக்கு முந்தி ஒண்ணும் பறையப்பிடாது என்றார். முன்னூறு மணி நேரம் என்றால் பன்னிரண்டரை நாள் அண்ணாச்சி. புகாருக்கு உள்ள கெடு பத்து நாள். இந்தக் கணக்கு எட்டு வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பதின்மூன்றாம் நாள் இரைச்சல் அப்படியே இருந்தது. ரதீஷைக் கூப்பிட்டுத் திருகாணியைக் கழற்றச் சொன்னார். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு மலிவு சர்க்கியூட் பலகை, கனம் காட்டுவதற்காகப் பசை வைத்து ஒட்டிய ஓர் இரும்புத் துண்டு. சேச்சி, நல்லா பற்றிச்சு என்றான் ரதீஷ். ஏமாந்துபோனதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். எட்டும் அதே கதை. கம்பெனிக்கு எழுதினால் உங்கள் கெடு முடிந்துவிட்டது, வருந்துகிறோம் என்று பதில். எத்தனை தடவை எழுதினாலும் எழுத்து மாறாமல் அதே பதில். விற்றவனுடைய கடையை நெட்டில் தேடினால் அப்படி ஒரு கடையே இல்லை.

அன்றைக்கே உங்களிடம் சொல்லியிருக்கலாம். சொல்லுங்கள், அண்ணாச்சி உங்களைக் கடித்தா தின்றுவிடுவார் என்று கேட்டேன். என்னை நம்பித்தானே வேணி கொடுத்தாவ என்றார். நாலு நாள் கழித்து ஒரு கடன் ஆப்பில் பணம் எடுத்து உங்கள் எல்லாருக்கும் அனுப்பிவிட்டு வந்து நின்றார். வட்டி என்ன, யார் அவர்கள், ஒன்றும் பார்க்கவில்லை. ஒரு வயருக்கு மூன்று மாதம் விமரிசனம் படிக்கிற மனிதர் கடனை மூன்று நிமிஷத்தில் வாங்கினார்.

போன மாதக் கடைசியில், ஆற்றுகால் அம்மன் கோயில் பொங்கலன்று நான் அடுப்பு மூட்டி உட்கார்ந்திருக்கும்போது முதல் அழைப்பு வந்தது. ஹிந்தியும் தமிழும் கலந்து ஒருவன் பேசினான். அவன் சொன்னதை உங்களுக்கு எழுத முடியாது. இவர் போனில் இருந்த எண்கள், படங்கள் எல்லாவற்றையும் அந்த ஆப் எடுத்துக்கொண்டுவிட்டது. இவர் படத்தின் மேல் திருடன் என்று எழுதி சாலை பஜாரில் இவர் வேலை பார்க்கிற ஹார்டுவேர் கடை முதலாளிக்கு அனுப்பினார்கள். முதலாளி நல்ல மனிதர், ஹரி, வீட்டு வெவகாரம் கடைக்கு வரப்பிடாது என்று மட்டும் சொன்னாராம். இவருக்கு அதுவே போதும். அன்றிலிருந்து கடையில் தலை நிமிர்வதில்லை. என் போனையும் விடவில்லை. அதை அணைத்து அரிசி டப்பாவுக்குள் போட்டு வைத்திருக்கிறேன். அணைத்த பிறகும் அந்த டப்பாவைத் திறக்கப் பயமாக இருக்கிறது.

வருகிற வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் அந்தப் படம் உங்கள் குழுவுக்குப் போகும் என்று சொல்லியிருக்கிறார்கள். நீதுவின் படத்தையும் சேர்ப்போம் என்றார்கள். அவளுக்குப் பரீட்சை நடக்கிறது. அவளுக்குப் பயம் வந்தால் மலையாளம்தான் வரும். அம்மே, அப்பா எந்தா மிண்டாத்தது என்று என் காதோடு கேட்கிறாள். அப்பா ஏன் பேசுவதில்லை என்று.

(இங்கே நிறுத்தினேன். சாப்பிட வந்தார். கடிதத்தை முறத்துக்கு அடியில் வைத்துவிட்டுச் சோறு போட்டேன். ரசம் நல்லாருக்கு என்றார். இருபது வருஷத்தில் என் ரசத்தை இவர் பாராட்டியதே இல்லை அண்ணாச்சி.)

கடனுக்காக நான் இந்தக் கடிதம் எழுதவில்லை. வளையல் இருக்கிறது, என் அண்ணன் இருக்கிறான், கட்டிவிடலாம். பயம் வேறு. போன வாரம் கேஸ் புத்தகம் எங்கே, கரண்ட் பில்லின் எண் என்ன, இன்ஷூரன்ஸ் காகிதம் எந்த அலமாரியில் என்று என்னை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார். எனக்கு எதற்கு இதெல்லாம் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சாயங்காலம் ஆற்றங்கரையில் போய் நிற்கிறார். நீதுவுக்குக் காற்று வேண்டும், கூட்டிப் போங்கள் என்று அவளைப் பின்னாலேயே அனுப்புகிறேன். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையை அப்பாவுக்குக் காவல் போட்டிருக்கிறேன்.

வீட்டில் பாட்டே இல்லை. இரண்டு வாரமாக ஒரு ஹெட்போனையும் தொடவில்லை. சத்தம் போடாதீர்கள் என்று வருஷம் முழுக்கக் கத்தினவள் நான்தான். இப்போது இந்த அமைதியில் என்னால் பாத்திரம் கழுவ முடியவில்லை.

நேற்று சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையில் ஒரு கூரியர் ரசீது கிடைத்தது. உங்கள் விலாசமும் எண்ணும் எனக்கு வந்தது அப்படித்தான். உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். இன்னும் ஆறு பெட்டிகள், ஒவ்வொன்றிலும் குழுவில் ஒருவர் பெயர், அழகாக ஒட்டி, அனுப்பத் தயாராக. ஒன்றைப் பிரித்தேன். தான் ஆசை ஆசையாகச் சேர்த்த சாமானை ஆளுக்கு ஒன்றாகப் பங்கு வைத்திருக்கிறார். உள்ளே ஒரு துண்டுக் காகிதம். இனி இது உங்களிடம் இருக்கட்டும் என்று எழுதியிருந்தது. விற்றிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கடன்காரன் விற்பான். இது கணக்கை முடித்துக்கொண்டு கிளம்புகிறவன் செய்கிற காரியம். ஆறையும் ரதீஷ் கடைக்குக் கடத்திவிட்டேன். உங்களுடையது மட்டும் நான் பார்ப்பதற்கு முன்னாலேயே போய்விட்டது. அலமாரியில் தேடிப் பார்த்தேன். நீது பிறந்த வருஷம் வாங்கி, என்னைக்கூடத் தொடவிடாமல் வைத்திருந்த அந்தக் கறுப்பு ஹெட்போனைக் காணோம். அதுதான் உங்களுக்கு வருகிறது.

சனிக்கிழமை கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு நானும் நீதுவும் சைபர் போலீஸுக்குப் போனோம். அங்கே இருந்த ஒரு பெண் அதிகாரி பொறுமையாகக் கேட்டார். மிரட்டுகிறவன்தான் குற்றவாளி, உங்கள் வீட்டுக்காரர் இல்லை, அவரையே வந்து எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், ரெண்டு வாரத்தில் இதை அடக்கிவிடலாம் என்றார். ஆம்புக்குக் கடன் தந்த மற்றக் கம்பெனியிடம் தவணை கேட்கலாம் என்றும் சொன்னார். வீட்டில் வந்து சொன்னேன். எழுதிக் கொடுத்தால் குழுவில் எல்லாருக்கும் தெரிந்துபோகும் என்கிறார். அவருக்கு போலீஸ் பயமில்லை, கடன் பயமில்லை. ஹரி நம்மிடம் பொய் சொல்லிவிட்டான் என்று நீங்கள் நினைப்பீர்கள் என்கிற பயம்தான் அவரைத் தின்கிறது. அந்தப் பயத்தை எடுக்க என்னால் முடியாது. அது உங்கள் ஒருவரால்தான் முடியும்.

இந்தக் கடிதத்தை இன்றைக்கே ஸ்பீட் போஸ்டில் சேர்க்கிறேன். வியாழக்கிழமை கிடைக்கும் என்கிறார்கள். பிந்திவிடக் கூடாதே என்று ஆற்றுகால் அம்மையிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கிடைத்த உடனே அவரைக் கூப்பிடுங்கள். நான் எழுதினேன் என்று சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி. எனக்குச் செய்தி சொல்ல ரதீஷின் எண்ணுக்குப் பேசுங்கள். அந்த மூன்று அழைப்பின் எண்தான்.

என்ன சொல்ல வேண்டும் என்றும் யோசித்து வைத்திருக்கிறேன். இதெல்லாம் எனக்கு எப்போதோ தெரியும், பணம் யாருடையது என்றும் தெரியும் என்று சொல்லுங்கள். குழுவுக்கு அந்தப் படம் வரும் முன்னால் நீங்களே உண்மையைச் சொல்லிவிடுங்கள். பிறகு உங்கள் சட்டத்தை அவருக்கே எடுத்துச் சொல்லுங்கள். முன்னூறு மணி நேரம் ஆகாமல் எதற்கும் முடிவு கட்டக் கூடாது, அதற்குள் போலீஸுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வா என்று உத்தரவு போடுங்கள். நீங்கள் சொன்னால் மீற மாட்டார். என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் இந்த மனிதர் பதின்மூன்றாம் நாள்தான் சரி என்று சொல்லி அனுப்பினார். எங்கள் அப்பா அதுவரை பட்ட பாடு கொஞ்சமல்ல. இந்தப் புத்தியால்தான் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்தது என்று இரண்டு மாதமாக அதைச் சபித்தவள் நான். இன்றைக்கு அதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறேன்.

இன்னொரு பொய்யும் நீங்கள் சொல்ல வேண்டும் அண்ணாச்சி. உங்களுக்கு வழக்கமில்லாததுதான், இந்தத் தங்கைக்காகச் சொல்லுங்கள். பெட்டி வந்ததும் திருப்பி அனுப்ப வேண்டாம், நன்றாக இருக்கிறது என்று எழுதிவிடவும் வேண்டாம். மாட்டிக் கேட்டேன், இடது பக்கம் ஏதோ இரைகிறது, நீயே நேரில் வந்து பார் என்று சொல்லுங்கள். அந்த ஹெட்போனில் இரைச்சல் என்று ஒருவர் சொன்ன பிறகு, அதைச் சரிபார்க்காமல் இவர் வேறெங்கும் போக மாட்டார்.

உங்கள் அழைப்புக்காக ரதீஷ் கடை வாசலில் காத்திருக்கும்,
தங்கை கிருஷ்ணவேணி