லெப்டொப்புக்கு வைத்த பொட்டு

ஸ்பிரிங்வெளி, பதுளை
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் பிரஷாந்தினிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தங்கச்சி சந்திரகாந்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், அங்கே டோஹாவில் உன் உடம்புக்கும் ஒரு குறையும் வராமல் கதிர்காமத்துக் கந்தன் பார்த்துக்கொள்ள வேண்டும். போனில் முடிகிற பேச்சுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ சரிப்பா சரிப்பா என்றுதான் சொல்கிறாய், அதற்குமேல் உன்னிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. லீவில் வந்த நம் தோட்டத்துக் கீழ்லயத்து நிஷாந்த் செவ்வாய்க்கிழமை திரும்பவும் உங்கள் பக்கம்தான் வருகிறான், அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் கூப்பிட்டபோது நான் முகத்தை மறைக்கவில்லை. அம்மா சாவுக்கு நீ வரவில்லை என்ற கோபத்தில் அப்பா முகம் காட்டாமல் இருந்துவிட்டார் என்று நீ நினைத்துக்கொண்டு, அந்த நினைப்பிலேயே அங்கே இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடப்போவதாகத் தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறாய். நடந்தது வேறு. அதைச் சொல்ல லெப்டொப் வாங்கின கதையிலிருந்து வர வேண்டும், பொறுமையாகப் படி.

தங்கச்சிக்கு மட்டக்களப்பு கம்பஸில் படிக்க இடம் கிடைத்தது தெரிந்ததும் லெப்டொப் இல்லாமல் போகக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றது நீதான். சாவு விழுந்த வீட்டுக்குள் வருடம் திரும்பாமல் புதுச்சாமான் எடுக்கக்கூடாது என்று நம் லயத்தில் பக்கத்துக் காம்பிரா வீட்டுப் பாக்கியலெட்சுமி அத்தை சொன்னார். நான் சரி என்றும் சொல்லவில்லை, அதெல்லாம் கிடையாது என்றும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் யார் எதைச் சொன்னாலும் எனக்கு அப்படித்தான் இருக்கிறது, மரத்துப்போன காலை யாரோ தட்டுகிற மாதிரி, தட்டுவது தெரிகிறது, வலிக்கவில்லை. கம்பஸ்காரன் நமக்காக வருசம் திரும்புற வரைக்கும் காத்துக்கிட்டு இருப்பானா அத்தே என்று தங்கச்சிதான் கேட்டாள். முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்த அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறிப் பதுளைக்குப் போனோம். வழியெல்லாம் அவள் நீ குரலில் அனுப்பிய புத்திமதிகளைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டே வந்தாள். விளையாட்டுச் சாமான் வேண்டாம், கண்ணைப் பறிக்கிறதை வாங்காதே, இந்த நாட்டிலேயே கேரண்டி இருக்கிறதா என்று பார், கனத்தைத் தூக்கிப் பார் என்று உன் குரல்தான் பஸ்ஸில் பாதிப் பேருக்குக் கேட்டது. எனக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

முதலில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் ஏறினோம். அங்கே இருந்த பையன் எடுத்ததுமே எழுத்துக் கட்டைகளுக்கு அடியில் சிவப்பும் பச்சையுமாக லைட் எரிகிற ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான், பார்க்க ஆடித்தேர் மாதிரி இருந்தது, தூக்கினால் கனமும் தேர்க்கனம்தான். தங்கச்சி ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள், லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்குகிற படிகளை நினைத்திருப்பாள். பிறகு டுபாயிலிருந்து வந்த பாவித்த சாமான், பாதி விலை, புதுசு மாதிரி என்று இன்னொன்றைக் காட்டினான். கேரண்டி எவ்வளவு காலம் என்று கேட்டதும் சோறு வெந்துவிட்டதா என்று கேட்ட மாதிரி வேறு பக்கம் பார்த்தான். மலிவு என்று கையை நீட்டிவிட்டு அப்புறம் திருத்துகிற கடைக்கும் வீட்டுக்குமாக நடக்கிற பொழப்பு நமக்கு வேண்டாம் என்று இறங்கி, நாம் டிவி வாங்கின மபாஸ் கடைக்கே போனோம்.

மபாஸ் உட்கார வைத்து விவரம் கேட்டார். என்ன படிக்கப் போறீங்க தங்கச்சி, எழுதுறதும் பாடம் பாக்குறதும்தானா, படம் வெட்டி ஒட்டுற வேலையெல்லாம் இருக்கா என்று. எழுதுவதும் பாடம் பார்ப்பதும்தான் என்றாள். அப்படின்னா ஆகப் பெரிய விலைக்குப் போகவும் வேணாம், ஆகக் குறைஞ்சதுக்கும் போகவேணாம், நடுவாந்தரத்துலயே நல்லது இருக்கு என்று மூன்றை எடுத்து வரிசையாக வைத்தார். ரெம் எட்டு இருந்தால் இப்போதைக்குப் போதும், ஆனால் பின்னால் கூட்டிக்கொள்ள உள்ளே இடம் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், சிலதில் கூட்டவே முடியாதபடி ஒட்டி வைத்திருப்பான் என்றார். சாமான் சேர்த்துவைக்கிற இடம் பழைய மாதிரி சுழலுகிற தட்டாக இருந்தால் வாங்காதே என்று நீ சொன்னதையும் அவள் கேட்டாள், அதெல்லாம் இப்ப யாரும் எடுக்கிறதில்ல என்றார். இதில் எனக்கு விளங்கியது கனமும் பெட்டரியும் மட்டும்தான். மழைக்கு இங்கே கரண்ட் போனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் பெட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று நான் கேட்டேன், அன்றைக்கு நானாக வாய்திறந்து கேட்டது அது ஒன்றுதான். கம்பெனிக்காரன் சொல்றதுல பாதிய நம்புங்க அண்ணே, அந்தப் பாதியே ஒங்களுக்குப் போதும் என்றார். கடைசியில் பதினான்கு இஞ்ச் திரையோடு சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்தோம், கனமில்லை, இரண்டு வருடக் கேரண்டி, நீ அனுப்பின காசுக்குள் அடங்கியது. பார்க்க ஒன்றும் இல்லை, பாடசாலைப் பிள்ளையின் சிலேட்டு மாதிரிதான். உனக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

பில் போடும்போது மபாஸ் சிரித்துக்கொண்டே, அம்மா எங்க, காணோம், கூட்டிட்டு வரலையா என்று கேட்டார். டிவி வாங்கின அன்றைக்கு அம்மா அவரைப் படுத்தின பாடு அவருக்கு மறக்கவில்லை. தங்கச்சி என்னைப் பார்த்தாள். இல்லை, வரவில்லை என்று சொன்னேன். செத்துப்போய்விட்டாள் என்று சொல்ல எனக்குத் தெரியாமல் இல்லை, அந்த நேரம் அது வாய்க்கு வரவில்லை, அவ்வளவுதான். அவர் கேட்காமலே ஒரு மவுஸும் தோளில் போடுகிற பையும் எடுத்து வைத்து, இதக் குடுக்காம விட்டா நாளைக்கு அம்மா வந்து கடை வாசல்ல நின்னு ஏசுவாங்க என்றார். வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது தங்கச்சி ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள். நான் லெப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன், ஹாலிஎலயா பதுளையா எந்தப் பக்கம் போகிறோம் என்று கேட்டிருந்தால்கூட சொல்லியிருக்க மாட்டேன்.

இனித்தான் என் மடத்தனம். நம் வீட்டில் பொட்டு வைக்காமல் அம்மா எந்த மெசினுக்கும் சுவிட்ச் போட விட்டதில்லை, உனக்கே தெரியும், ரைஸ் குக்கருக்கு வைத்தாள், சுவர்மணிக்கூட்டுக்கு வைத்தாள், நீ அனுப்பின இஸ்திரிப்பெட்டிக்கு வைத்து அது உன் தங்கச்சியின் வெள்ளைச் சட்டையில் ஒட்டிப் பெரிய சண்டை வந்தது. நான் வேலை செய்கிற தேயிலை பெக்டரியிலும் அப்படித்தான், மெசினைக் காக்கிற ரொதைமுனிக்குப் படைத்து ரோலருக்குச் சந்தனம் குங்குமம் வைக்காமல் வருடம் தொடங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை தங்கச்சி கம்பஸுக்குப் படம் பிடிக்க வேண்டும் என்று டவுனுக்குப் போய்விட்டாள். லெப்டொப் மேசையில் திறந்தபடி இருந்தது. வெறும் நெற்றியாக இருக்கிறதே என்று பட்டது. சாவு வீட்டில் சூடம் கொளுத்திப் பூசை செய்யக்கூடாது, பொட்டு வைத்தால் என்ன என்று நினைத்து அம்மாவின் சந்தனக்கட்டையை எடுத்து உரைத்தேன். திரைக்கு மேலே நெற்றி மாதிரி ஒரு பட்டை இருக்கிறது அல்லவா, அதன் நட்ட நடுவில் சின்ன வட்டமாக ஒரு இடம் இருந்தது, பொட்டுக்கென்றே கம்பெனிக்காரன் விட்டு வைத்த மாதிரி. அதிலேயே நன்றாக அப்பி, மேலே குங்குமமும் வைத்தேன். எனக்குக் கைப்பழக்கம் இல்லை, கொஞ்சம் தடிப்பாகத்தான் விழுந்தது. அதுதான் கெமரா என்று எனக்கு யார் சொன்னார்கள். என்னிடம் இருப்பது பட்டன் போன், இதுவரை நான் உன்னைப் பார்த்ததெல்லாம் தங்கச்சியின் உடைந்த போனில்தான், அதையும் அவள்தான் பிடித்துக்கொள்வாள்.

மத்தியானம் லெப்டொப் மணி அடித்தது. அக்கா எடுப்பா, பச்சையாக வந்தால் அதை விரலால் அமத்துங்கப்பா என்று அவள் சொல்லிவிட்டுப் போயிருந்தாள், அமத்தினேன். நீ வந்தாய். எனக்கு உன்னை முழுசாகத் தெரிந்தது மகள். ஓரத்தில் சின்னக் கட்டம் ஒன்று இருட்டாக இருந்தது, அது அப்படித்தான் இருக்கும்போல என்று விட்டுவிட்டேன். அப்பா இருக்கீங்களா என்றாய், இருக்கேன் என்றேன். மூஞ்சியக் காட்டுங்கப்பா என்றாய். முன்னால்தானே இருக்கிறேன், இன்னும் கிட்ட வரச் சொல்கிறாயாக்கும் என்று கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தேன். நீ திரும்பவும் கேட்டாய், நான் இன்னும் கிட்ட வந்தேன். எனக்கு ஒன்றும் பேச வரவில்லை. அப்போதுதான் நீ, ஒங்களுக்கு எம் மூஞ்சியப் பாக்கவே இஷ்டமில்ல, வெளங்குதுப்பா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். என்ன விளங்கியது என்று எனக்கு விளங்கவில்லை. பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு அந்தத் திரைக்கு முன்னாலேயே இருந்தேன்.

பின்னேரம் தங்கச்சி வந்து பொட்டைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா போனதிலிருந்து இந்தக் காம்பிராவுக்குள் யாரும் அப்படிச் சிரிக்கவில்லை, பக்கத்தில் கேட்டிருக்கும் என்று உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். நீ சொன்னதைச் சொன்னதும் அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, துடைக்கும் முன்னால் பிடித்த படத்தையும் சேர்த்து உனக்கு அனுப்பினாள். நீ கட்டைவிரல் படம் ஒன்றை மட்டும் அனுப்பியிருந்தாய். அப்பாவும் தங்கச்சியும் சேர்ந்து கதை கட்டுகிறார்கள் என்று நினைத்தாயோ என்னவோ. புதன்கிழமை தங்கச்சி கறிக்குப் போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டே, அக்கா இன்னும் ரெண்டு வருசத்துக்கு சைன் பண்ணப் போறாளாம்பா, வந்து என்ன செய்யப்போறேன்னு கேக்குறா என்று சொன்னாள். நான் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து படுத்துவிட்டேன். அடுத்த நாள் பெக்டரியில் கொழுந்தைக் கிளறிக்கொண்டிருக்கும்போதுதான் அவள் சொன்னது எனக்கு உறைத்தது.

கோபமா என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றைக்கே முடிந்துவிட்டது. லீவு தாறாங்க, ஆனா மூணாம் நாள்தான் வந்து சேரலாம், வச்சிருப்பீங்களாப்பா என்று நீ கேட்டாய். அடை மழை, மயான மேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிற பாதை சேறு, அவளை அவ்வளவு நாள் போட்டு வைக்க எனக்கு மனம் வரவில்லை, வேண்டாம் மகள் என்று சொன்னது நான். நீ வராமல் இருந்தது என் சொல் கேட்டு. மூத்த புள்ள கடைசிப் பாலு ஊத்தலையே என்று உன் சித்தி சபையில் சொன்னபோதும், நான்தான் வேண்டாமென்று சொன்னேன் என்று அவளிடம் சொன்னேன். அதை யாராவது பாதியாக உன்னிடம் கொண்டுவந்திருந்தால் மீதியை இதில் படித்துக்கொள். கோபம் இருக்கிறதா என்று எனக்குள்ளே தேடியும் பார்த்துவிட்டேன். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை, சோற்றில் ருசியும் இல்லை. எல்லாரும் அழுதுவிடு அழுதுவிடு என்கிறார்கள், வந்தால் அழமாட்டேனா.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை நடந்த ஒன்று உனக்குத் தெரியாது. அந்த உடைந்த போனில் இத்தனை நாளும் நீ தீப்பெட்டி அளவுதான் இருந்தாய். இதில் நீ ஆள் அளவுக்கு வந்தாய். கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது, கழுத்தெலும்பு தெரிகிறது, காதில் தோடு இல்லாமல் ஓட்டை தூராமல் இருக்க ஈர்க்குத்துண்டு போட்டிருக்கிறாய். அம்மா போனபிறகு முதல்தடவையாக எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ அசைந்தது, பசி எடுக்கிற மாதிரி. உன்னைப் பார்த்துக்கொண்டு இருந்ததில் பேச மறந்துவிட்டேன். நீ கேட்ட சத்தமில்லாமை அதுதான் மகள், வேறு ஒன்றும் இல்லை.

நிஷாந்திடம் தேயிலைத்தூளும் மிளகாய்த்தூளும் கொடுத்துவிடுகிறேன், மிளகாய் தங்கச்சி இடித்தது, காரம் தூக்கலாக இருக்கும், பார்த்துப் போடு. ஷிப்ட் முடிந்து வந்து வெறும் பிளேன்டீயோடு படுக்காதே, கழுத்தெலும்பு தெரிய இருந்து நீ யாருக்கு உழைக்கிறாய். தோட்டை என்ன செய்தாய் என்று நான் கேட்கமாட்டேன். பிள்ளையாரும் மாரியம்மாளும் உனக்குத் துணை இருப்பார்கள், உன் அம்மாவும் இருப்பாள், திருநீறு மடித்து இதற்குள் வைத்திருக்கிறேன், பூசிக்கொள்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. வரும் மாதம் தங்கச்சி கம்பஸுக்குப் போகிறாள், லெப்டொப்பும் அவளோடு போகிறது, அவள் போனும் போகிறது. அதற்குப் பிறகு எனக்கு உன்னைப் பார்க்க வேண்டுமென்றால் நீதான் வரவேண்டும். என்னைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதே. கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

உன்னைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா,
அழகர்