தொப்பி தேடிப் போன நாள்

14 நவம்பர் 2009, சனி

இன்றும் தொப்பிகள் வரவில்லை. புற்றுநோய் சிகிச்சையில் முடி கொட்டியதிலிருந்து என் மனைவி ரோஸ்லின் வாசலைத் தாண்டுவதே இல்லை. அவளே இன்டர்நெட்டில் பார்த்துப் பார்த்து வாங்கியவை, வெள்ளைக்காரர் காலத்துப் பெண்கள் போட்ட இரண்டு பழைய தொப்பிகள். பெங்களூரில் கிளம்பிய பார்சல் மதுரை போய், அங்கிருந்து ஏனோ கோயம்புத்தூர் போயிற்று. காலையில் கூரியர் ஆபீசுக்குப் போன் செய்தேன். "கொடைரோட்டுல கெடக்கு சார்" என்றார்கள்.

"இப்படிக் கெஞ்சுனா நடக்காது. வண்டிய எடுங்க, நானும் வாரேன்" என்றாள் ரோஸ்லின். சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டு, ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டாள். மனம் மாறிவிடுவாளோ என்ற பயத்தில் உடனே வண்டியைக் கிளப்பினேன்.

சின்னாளப்பட்டி தாண்டியதும் காற்றில் தலைப்பு நழுவியது. கண்ணாடியில் பார்த்தேன். அவள் அதை எடுத்துப் போடவில்லை.

கொடைரோட்டிலும் பார்சல் இல்லை. காலை வேனில்தான் எங்கள் ஊரான திண்டுக்கல்லுக்கே அனுப்பினார்களாம்; சனிக்கிழமை என்பதால் அங்கே ஆபீசை மதியமே மூடிவிடுவார்களாம்.

"ஏப்பா, மனுசரை இம்புட்டு தூரமா அலைய விடுவீக?" என்று அவள் போட்ட சத்தத்தில் கூரியர்காரர் எங்கள் இருவருக்கும் டீ வரவழைத்தார். டீ நன்றாக இருந்ததாம். இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தாள்.

திரும்பும்போது சொன்னாள்: "திங்கக்கெழம நம்மூரு ஆபீசுக்கு நான் மட்டும் போறேன். நீங்க பேசுனா வேலைக்காகாது."

சரி என்றேன். இப்போது அசந்து தூங்குகிறாள். பார்சல் இன்னும் நாலு ஊர் சுற்றிவிட்டு வந்தாலும் எனக்குச் சம்மதம்தான்.